சட்டித்தலையன் இரண்டாம் பாகம்

எங்கள் வீட்டில் நான் இரண்டாம் பாகம். முதல் பாகம் என் அண்ணன். முதல் பாகத்துக்கு ஊரில் நல்ல பேர் இருந்தது. வகுப்பில் முதல் மாணவன், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்பவன், காலையில் வாரிய தலை மாலை வரை வாரியபடியே இருக்கும். அந்த வெற்றி கொடுத்த தைரியத்தில் வெளியிடப்பட்டவன் நான். அதே தயாரிப்பாளர்கள், அதே வீடு, அதே சாப்பாடு. ஆனாலும் வந்தவர்கள் எல்லாரும் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மொதல்ல வந்த மாதிரி இல்லையே என்ற முகத்தோடு போனார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு வாய்த்த ஆசிரியர்கள் எல்லாரும் அண்ணனுக்குப் பாடம் நடத்தியவர்கள். அவன் விட்ட இடத்திலிருந்து நான் தொடங்குவேன் என்று எதிர்பார்த்தார்கள். எனக்கோ தொடக்கமே தெரியாது.

ஆகவே, மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்த விளையாட்டுப் பொட்டியின் கேசட்டில் பெரிதாக '2' என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கு அதன்மேல் ஒரு பங்காளிப் பாசம் வந்துவிட்டது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. குவைத்தில் ஒரு பெரிய வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வருடம் கோடை விடுமுறைக்குச் சரியாக வந்து சேர்ந்தார். திருச்சியில் இறங்கி, வாடகைக் காரில் பாடாலூர், பெரம்பலூர் வழியாக அரியலூர் ரோட்டுக்குத் திரும்பி எங்கள் ஊருக்கு வந்தார். வழி நெடுக அந்தக் கார்க்காரர் எப்படித் தப்பாக ஓட்டினார் என்பதையே முதல் அரைமணி நேரம் சொன்னார். பிறகுதான் பெட்டியைத் திறந்தார். சோப்பு, தைலம், பேரீச்சம்பழம், அம்மாவுக்கு ஒரு சேலை. எல்லாவற்றுக்கும் அடியில், மடித்த சட்டைக்குள், சோப்பு டப்பா அளவில் அந்தப் பொட்டி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை, இடது பக்கம் கூட்டல் குறி மாதிரி ஒரு பொத்தான், வலது பக்கம் இரண்டு உருண்டைப் பொத்தான்கள்.

கொடுக்கும்போதே மாமா சட்டத்தையும் சேர்த்துக் கொடுத்தார். அது அவர் வேலை செய்யும் வீட்டுப் பையனுடையது. திரும்பிப் போகும்போது அவனிடம் ஒப்படைக்க வேண்டும். "ஒரு கீறல் வுழுந்தாலும் நான் அங்க மாட்டிக்குவேன், பாத்துக்கங்க" என்றார். ஆக, மாமாவின் விடுப்பு முடிவதற்குள் நான் அந்த ஆட்டத்தை முடித்தாக வேண்டும். அந்தக் கோடையில் என் வாழ்க்கையின் லட்சியம் அது ஒன்றுதான்.

ஆட்டத்தில் ஒரு குட்டி ஆள். கவிழ்த்த மண்சட்டி மாதிரி ஒரு தொப்பி, கையில் ஒரு கயிறு, கயிற்று முனையில் கொக்கி. எழுத்துகள் எங்களுக்குத் தெரியாத ஏதோ பாஷையில் இருந்ததால் அவன் பேர் என்னவென்று கடைசி வரை தெரியாது. நாங்கள் சட்டித்தலையன் என்று வைத்தோம். அவன் பள்ளம் தாண்டி, சுவர் ஏறி, கொக்கியை மாட்டி ஊசலாடி, வழியில் வருகிறவர்களை அடித்துக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் கதை.

அந்த ஆட்டத்தைப் பற்றி நல்லதாக நான் சொல்ல ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும். பொத்தானைத் தொட்டால் சின்னக் குதி, அழுத்திப் பிடித்தால் பெரிய குதி, இரண்டுக்கும் நடுவில் விரல் எவ்வளவு நினைக்கிறதோ அவ்வளவு குதி. சுவரில் மோதினால் பல்லி மாதிரி ஒரு மூச்சு நேரம் ஒட்டிக்கொள்வான், அந்த ஒரு மூச்சுக்குள் அடுத்த குதியை முடிவு செய்துவிட வேண்டும். கொக்கி மாட்டும் இடத்தில் மாட்டும், மாட்டாத இடத்தில் எவ்வளவு கெஞ்சினாலும் மாட்டாது. அந்த ஆட்டத்தில் ஏமாற்று வேலையே கிடையாது. விழுந்தால் நம்முடைய விரல்தான் காரணம். அநியாயமாக ஒரு தடவைகூடச் சாகவில்லை நான். எல்லாம் நியாயமான சாவு. நிறைய.

கஷ்டம் என்னவென்றால், அது இரண்டாம் பாகம். முதல் பாகத்தை முடித்தவர்கள்தான் தன்னிடம் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டு செய்திருந்தார்கள். எப்படி நடப்பது, எப்படிக் குதிப்பது என்று பழக்கிவிடும் வேலையெல்லாம் இல்லை. தொடக்கத்தில் ஒரு சின்னப் படம் ஓடும். சட்டித்தலையன் முதுகில் ஒரு பெரிய மூட்டையோடு வருவான். அதில் முதல் பாகத்தில் அவன் சம்பாதித்த சாமான்கள் எல்லாம் இருக்கின்றன. ஒரு கழுகு வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மிச்சம் தொப்பியும் கயிறும்தான். அடுத்த நொடி நாம் பள்ளத்தின் விளிம்பில் நிற்போம். எடுத்த எடுப்பிலேயே முள், நெருப்பு, வௌவால். முதல் வாரம் முழுக்க நான் முதல் பள்ளத்தையே தாண்டவில்லை. அண்ணன் இரண்டே நாளில் தாண்டினான். அவன் முதல் பாகம் ஆயிற்றே.

இதற்கு மேல் எனக்கு இன்னொரு எதிரி இருந்தது. அது ஆட்டத்துக்குள் இல்லை, எங்கள் ஊரில் இருந்தது.

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம். மைன்ஸ் என்றுதான் சொல்வோம். அப்பாவுக்கு அங்கே வேலை. பாறையில் போட்ட துளைகளில் வெடிமருந்து வைத்து, ஒயர் இழுத்து, சிவப்புக் கொடி காட்டி ஆட்களை விரட்டி, கடைசியில் வெடிக்க வைக்கும் குழுவில் அவர் ஒருவர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குச் சங்கு ஊதும். ஊதி அடங்கியதும் தரை ஒரு தடவை உதறும். அலமாரித் தட்டில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். அதற்குப் பிறகுதான் சத்தம் வரும். வேறு ஊர்க்காரர்கள் வந்தால் வாசலுக்கு ஓடுவார்கள். நாங்கள் ரசத்தை மட்டும் கையால் மூடிக்கொண்டு சாப்பிடுவோம்.

அந்த உதறலில் பொட்டிக்குள் இருந்த பேட்டரிக் கட்டைகள் ஒரு துள்ளு துள்ளும். சுருள்கம்பி ஏற்கெனவே தளர்ந்தது. துள்ளியதும் விளக்கு அணைந்து, ஆட்டம் போய்விடும். ஒரு ஸ்டேஜை முழுசாக முடித்தால்தான் ஆட்டம் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பாதியில் அணைந்தால் முதலிலிருந்து வர வேண்டும். எனக்கோ நல்ல கை வருவதே மத்தியானத்தில்தான். நான் ஒரு ஸ்டேஜின் கடைசி ஏணியில் காலை வைக்கவும், அப்பா வேலை பார்க்கவும் சரியாக இருக்கும்.

அதிர்ச்சி தரை வழியாக வருகிறது, தரையைத் தொடாமல் இருந்தால் வராது என்று நான் ஓர் ஆராய்ச்சி செய்தேன். சித்தியின் குழந்தைக்காக உத்தரத்தில் கட்டிய தூளி ஒன்று அவிழ்க்காமல் இருந்தது. அதில் ஏறிப் படுத்துக்கொண்டேன். பத்து வயதுப் பையன், கால்கள் இரண்டும் வெளியே. தரையின் அதிர்ச்சி சுவருக்கு ஏறி, சுவரிலிருந்து உத்தரத்துக்கு வந்து, உத்தரத்திலிருந்து தூளி வழியாக இன்னும் சௌகரியமாக என்னிடம் வரும் என்று எனக்குத் தெரியாது. அன்றைய வெடிக்கு விளக்கு மட்டும் அணையவில்லை, அம்மாவின் பழைய சேலையும் நடுவில் இரண்டாகக் கிழிந்தது. பொட்டியை நெஞ்சில் அணைத்தபடியே இடுப்பு அடிபட விழுந்தேன். அடுப்படியிலிருந்து வந்த அம்மா, குழந்தை எழுந்துருச்சா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

நான் மைன்ஸுக்கு எதிராக வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். ஊர் எல்லையில் இருக்கும் அய்யனாரிடம் தினமும் ஒரே கோரிக்கை. அந்த வெடி நிற்க வேண்டும்.

நின்றது.

ஒரு நாள் மத்தியானம் சங்கு ஊதவில்லை. மறுநாளும் ஊதவில்லை. குத்தகை முடிந்துவிட்டது, அந்தப் பக்கம் கல் தீர்ந்துவிட்டது, கம்பெனி வேறு ஊரில் தோண்டப் போகிறது, காண்டிராக்ட் ஆட்களை அங்கே எடுக்கவில்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு விஷயம் ஒன்றுதான். ரசத்தை மூட வேண்டாம். அய்யனாருக்குத் தேங்காய் உடைக்க வேண்டும் என்று அப்பாவிடமே போய்க் கேட்டேன். எதுக்குடா என்றார். வெடி நின்னதுக்கு என்றேன். ஒடச்சிட்டா போச்சு என்றார். கூட்டிக்கொண்டு போய் உடைத்தும் கொடுத்தார். நான் கண்ணை மூடி நன்றி சொன்னேன். பக்கத்தில் நின்று அவர் என்ன சொன்னார் என்று தெரியாது.

அதற்குப் பிறகு அப்பா வீட்டிலேயே இருந்தார். பகலில் அப்பா வீட்டில் இருப்பது எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சமாசாரம். இப்போது எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை, கறி மட்டும்தான் இல்லை. அம்மா அடிக்கடி களி கிண்டினாள். அப்பாவுக்குக் களி பிடிக்கும் என்பதால் என்று நினைத்தேன். முன்பெல்லாம் வந்ததும் படுத்துவிடுகிற மனிதர், இப்போது எனக்குப் பின்னால் உட்கார்ந்து என் தோளுக்கு மேலாக ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு ஒரு நாள், "இப்புடிக் குடு, என்னதான் பண்ணுறான்னு பாப்பம்" என்று கையை நீட்டினார்.

அப்பா ஆடியதைப் பார்த்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. சட்டித்தலையன் குதிக்கும்போதெல்லாம் இவரும் பாயிலிருந்து ஒரு சாண் எழும்புவார். இடப்பக்கம் போக வேண்டுமென்றால் உடம்பு முழுக்க இடப்பக்கம் சாயும். ஒரு தடவை கொக்கியை வீசுகிற வேகத்தில் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டார். பள்ளத்தில் விழுந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு, "போயிட்டான்யா" என்று உண்மையாகவே வருத்தப்படுவார். மாமா கட்டிலில் படுத்துக்கொண்டு, "மச்சான், அவன் போனா இன்னொருத்தன் வருவான், நீங்க கீழ வுழுந்துராதீங்க" என்று கத்துவார். அம்மா அடுப்படியிலிருந்தே தீர்ப்புச் சொன்னாள்: "அப்பனும் மவனும் அந்தப் பொட்டிக்குள்ளயே போயிருங்க, நான் நிம்மதியா இருப்பேன்."

பொட்டியில் மூன்று பேருடைய ஆட்டத்தைத் தனித்தனியாகச் சேர்த்து வைக்க இடம் இருந்தது. ஒன்று அண்ணனுக்கு, ஒன்று எனக்கு. மூன்றாவது இடத்தை அப்பாவுக்குக் கொடுத்தோம். அவருடைய ஆள் முக்கி முனகி மூன்றாவது ஸ்டேஜ் வரைக்கும் வந்தான்.

அந்த ஆட்டத்தில் இன்னொரு அழகு உண்டு. எந்தப் பொத்தானையும் தொடாமல் விட்டால் சட்டித்தலையன் கொஞ்ச நேரம் நம்மைத் திரும்பிப் பார்ப்பான். கொட்டாவி விடுவான். அப்புறம் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு ஆட்டிக்கொண்டு சீட்டியடிப்பான். அவசரக்காரனான எனக்கு அது தெரியவே தெரியாது. கண்டுபிடித்தவர் அப்பா. அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஆடச் சொல்லிப் பொட்டியைக் கொடுத்தால், வேண்டுமென்றே கையை எடுத்துவிட்டு, அவன் உட்கார்ந்து காலாட்டுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். பேட்டரிக் கட்டை தீர்ந்துகொண்டிருக்கிறதே என்று எனக்குப் பதறும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "சும்மாவே உக்காந்திருந்தா எப்புடிப்பா?"

மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அம்மா அடுப்படியில் கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. அப்பாதான் முதலில் சிரித்தார். "ஆமாடா, எந்திரிக்கணும்" என்று பொத்தானை அழுத்தினார். அவன் துள்ளி எழுந்து நேராகப் போய் நெருப்பில் விழுந்தான்.

விடுமுறை பாதி கழிந்தபோது மாமா தன் விடுப்பை இன்னும் கொஞ்சம் நீட்டியிருப்பதாகச் சொன்னார். நான் கடைசி ஸ்டேஜில் திணறிக்கொண்டிருப்பதைப் பார்த்துத்தான் நீட்டினார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அவரைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னேன். மாமா எதற்கு என்று கேட்கவில்லை. இனாமாக வந்த நன்றியை அவர் என்றைக்குமே விட்டதில்லை.

அப்பாவும் மாமாவும் அடிக்கடி வெளியே போனார்கள். அரியலூரில் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்கள். அப்பா கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, யாரோ திட்டியது மாதிரி விறைப்பாக இருந்த போட்டோ. திருச்சிக்குப் போய்விட்டு மிக்சர் பொட்டலத்தோடு வந்தார்கள். எனக்கு மிக்சர் போதும்.

அப்புறம்தான் போலீஸ் வந்தது.

வாசலில் நான் மட்டும் இருந்தேன். அம்மா குளத்துக்குப் போயிருந்தாள். மோட்டார் சைக்கிள் நின்று, காக்கிச் சட்டை இறங்குவதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குவைத்துப் பையன் புகார் கொடுத்திருக்கிறான். அது அங்கிருந்து டெல்லி, சென்னை, அரியலூர் என்று வரிசையாக இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. நான் பின்பக்கம் ஓடி, எருமைக்கு வைத்திருந்த தவிட்டு மூட்டைக்குள் பொட்டியை முழங்கை ஆழத்துக்குப் புதைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"அப்பா இருக்காரா தம்பி?" என்றார் போலீஸ்காரர். நல்ல மனிதர் மாதிரிதான் கேட்டார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"இல்லீங்க சார். பொட்டியும் இல்லீங்க சார்."

"என்ன பொட்டி?"

"ஒண்ணும் இல்லீங்க சார். அது மாமா கொண்டாந்தது. எங்கப்பா மூணாவது ஸ்டேஜ் வரைக்கும்தான் போயிருக்காரு. அண்ணன வேணா புடிச்சிட்டுப் போங்க சார், அவன்தான் மொதல்ல தொட்டான்."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போக வந்தவர், இப்போது நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பொட்டி எவ்வளவு பெரிது, உள்ளே என்ன இருக்கிறது, மாமா அதை எதற்குக் கொண்டுவந்தார் என்று வரிசையாகக் கேட்டார். கைக்குள் அடங்கும், உள்ளே ஒரு ஆள் இருக்கிறான் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. வெடிமருந்தோடு வேலை செய்த வீடு என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதற்குள் அண்ணன் ஓடிப்போய் அப்பாவையும் மாமாவையும் கூட்டிவந்தான். அப்பா வியர்க்க வியர்க்க வந்தார். அவர் அவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை. ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு பயப்படுகிறாரே என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது.

தவிட்டு மூட்டையைக் கவிழ்த்துப் பொட்டியை எடுத்தார்கள். மாமா ஊதித் துடைத்துப் போலீஸ்காரரிடம் கொடுத்தார். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பொத்தானைத் தட்டினார். சட்டித்தலையன் வந்து நின்றான். போலீஸ்காரர் ஆடினார். முதல் பள்ளத்திலேயே விழுந்தார். எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி ஆடினார், மறுபடி விழுந்தார். "என்னங்க இவ்வளவு கஷ்டமா வச்சிருக்கான்" என்று திருப்பிக் கொடுத்த பிறகுதான் அப்பா மூச்சு விட்டார். குளத்திலிருந்து வந்துவிட்ட அம்மா டீ கொடுத்தாள். அவர் அப்பாவிடம் பேர், வயது, வழக்கு எதுவும் உண்டா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு கிளம்பினார். கிளம்பும்போது அப்பாவைப் பார்த்து, "நல்லபடியா போயிட்டு வாங்க" என்றார். போகிறவர் அவர், இருக்கிறவரிடம் போய்ச் சொல்கிறாரே, இவருக்கு யார் வேலை கொடுத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா என்னை அடிக்கவில்லை. அம்மா அடிக்க வந்தபோதும் தடுத்துவிட்டார். "வுடு, அவன் பொட்டியக் காப்பாத்தியிருக்கான்" என்றார்.

காப்பாற்றினேன், சரி. ஆனால் குதிக்கும் பொத்தானுக்குள் தவிடு போய்விட்டது. அதற்குப் பிறகு சட்டித்தலையன் உடனே குதிப்பதில்லை. நாம் அழுத்தினால், கேட்டுக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, பிறகு குதிப்பான். ஏற்கெனவே கஷ்டமான ஆட்டத்தை உலகத்திலேயே அதிகக் கஷ்டமாக்கிய பெருமை எனக்கும் எங்கள் எருமைக்கும் உண்டு.

கடைசி ஸ்டேஜில் ஒரு கல் பூதம். திரை முழுக்க நிற்கும். கொக்கியை அதன் தோளில் மாட்டி ஏறி, தலையில் அடிக்க வேண்டும். அடித்து அடித்து ஓய்ந்த பிறகு பூதம் கண்ணை மூடும், மேலெல்லாம் புகை வரும், அசையாமல் நின்றுவிடும். அவ்வளவுதான், செத்தது என்று நான் கடைசி அடி கொடுக்கப் பாய்வேன். அப்போது பார்த்து அது வெடிக்கும். அது போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போகும். மறுபடி முதலிலிருந்து. அண்ணன் அதற்கு ஒரு கணக்குப் போட்டான், எந்தக் கோணத்தில் பாய வேண்டுமென்று. அவனும் கோணத்தோடு செத்தான்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மாமா கிளம்பும் நாள் வந்துவிட்டது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் பூதத்தின் எதிரே நின்றேன். அப்பா பின்னால் இருந்தார். பூதம் கண்ணை மூடியது. புகை வந்தது. என் கட்டைவிரல் பொத்தானுக்குப் போனது.

"கிட்டப் போவாத" என்றார் அப்பா. நான் அதுவரை கேட்டறியாத குரல். சிவப்புக் கொடியோடு நிற்கும்போது அந்தக் குரலில்தான் பேசுவார் போல.

"அது செத்துருச்சுப்பா."

"சத்தமில்லாம கெடந்தா செத்துருச்சுன்னு அர்த்தமா? இரு."

இருந்தேன். தீபாவளிக்கு ஒரு வெடி வெடிக்காமல் கிடந்தால் தெருவையே காலி செய்கிற மனிதர் அவர். பூசைச் சோறு ஆறிப்போகும் வரைக்கும் யாரையும் வாசல் பக்கம் விடமாட்டார். ஆகவே நான் சட்டித்தலையனைப் பின்னால் நகர்த்திக்கொண்டு போய் ஓரத்தில் நிறுத்தினேன். பூதம் சும்மா இருந்தது. எனக்குக் கை அரித்தது. சட்டித்தலையன் திரும்பி எங்களைப் பார்த்தான், கொட்டாவி விட்டான், விளிம்பில் உட்கார்ந்து காலாட்ட ஆரம்பித்தான். அப்போது பூதம் தானே வெடித்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கழுகு எங்கிருந்தோ வந்து அவன் மூட்டையைக் காலடியில் போட்டுவிட்டுப் பறந்தது.

நான் கத்திய கத்தலில் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டது. மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். அண்ணன்கூட என் முதுகில் தட்டினான். ஒரு இரண்டாம் பாகம் ஜெயித்ததை எங்கள் வீடு அன்றுதான் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் திரையில் மறுபடியும் கழுகு வந்து மூட்டையைப் பிடுங்கியது. முடித்தவர்களுக்கு ஆட்டம் முதலிலிருந்து, இன்னும் கஷ்டமாகத் தொடங்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "அட, திரும்பவுமா?" என்றார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

வெகுகாலம் கழித்து, ஒரு பழைய சாமான் கடையில் முதல் பாகத்தைத் தேடிப் பிடித்து ஆடிப் பார்த்தேன். ரொம்ப எளிது. ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்து, கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இதை நான் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை, குடும்ப அமைதி கருதி. அப்பா இப்போது ஊரில்தான் இருக்கிறார். கல்லைப் பிளந்தவன் குவைத்தில் போய் ஒருவர் வீட்டுப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றினேன், அது முளைத்து வர வர எனக்கே வெட்கமாக இருந்தது என்று சொல்லிச் சிரிப்பார். அங்கே எந்தக் குழாயை எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல், பேச பாஷையும் இல்லாமல் முதல் மாதம் எப்படி இருந்தது என்று நான் கேட்டதுண்டு. "மொதப் பள்ளத்துலயே வுழுந்துகிட்டு இருந்தேன்" என்றார், அவ்வளவுதான். அந்தப் புல்லில் நாங்கள் இரண்டு பேரும் படித்தோம். நான் படித்தேன் என்பதை நம்ப வேண்டாம், படிக்க வைத்தார் என்பதை நம்பலாம்.

மாமாவோடு அப்பாவும் போகிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். திருச்சிக்குப் போய் மிக்சரோடு வந்தாரே, அந்த மாதிரிப் போவது என்றுதான் எடுத்துக்கொண்டேன். பூதம் வெடித்த மறுநாள் அரியலூர் ஸ்டேஷனில் எல்லாரும் நின்றோம். என் கவலையெல்லாம் டவுசர் பையில் இருந்த பொட்டியைப் பற்றித்தான். வண்டி வந்தது. மாமா பெட்டிகளை ஏற்றினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொட்டியை எடுத்து அவரிடம் நீட்டினேன். மாமா அதை வாங்கவில்லை. என் விரல்களை மடக்கி அதன்மேல் மூடினார். "அந்தப் பையன்கிட்ட நான் பேசிக்கிறேன், இது இங்கயே இருக்கட்டும்" என்றார். அந்தப் பையன் அதை எப்போதோ வேண்டாமென்று தூக்கிப் போட்டுவிட்டான் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்று மாமா எனக்கு ராஜாவாகத் தெரிந்தார்.

அப்பா ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி என் தலையைப் பிடித்தார். வண்டி நகரப் போகிறது. பெரியவர்கள் அந்த நேரத்தில் சொல்கிற நல்லாப் படி, அம்மா சொன்ன பேச்சைக் கேள் எதையும் அவர் சொல்லவில்லை.

"என் ஆளு மூணாவதுல நிக்கிறான். தொட்டுறாத. நான் வந்து ஆடிக்கிறேன்."

நான் தொடவில்லை. அண்ணன் ஒரு தடவை ஆசைப்பட்டுக் கையை வைத்தபோது அவனைக் கடித்தும் இருக்கிறேன். ஆட்டத்தைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். ஸ்டேஷனிலிருந்து வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஊர் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை நாள் திட்டிய பொட்டி கடைசியில் நமக்கே கிடைத்துவிட்டதே என்று அவளுக்கும் வாயடைத்துப் போயிருக்கிறது போல என்று எண்ணிக்கொண்டு, அப்பாவின் ஆட்டத்தைத் திறந்து மட்டும் விட்டு, அவள் மடியில் அதை வைத்தேன். அப்பாவின் ஆள் காலைத் தொங்கப்போட்டுச் சீட்டியடித்துக்கொண்டிருந்தான். அம்மா அதைப் பார்த்தாள். பேட்டரிக் கட்டை தீர்ந்துவிடுமே என்றுகூட நான் அன்றைக்குச் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.